இருபது அட்டைகளும் ஒரு நூல்கண்டும்

சென்ற ஆண்டு படிவம் நான்கில் பயின்றபோது, எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்திற்கு நான் செயலாளராக இருந்தேன். வருகைப் பதிவு எடுப்பதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும்தான் செயலாளரின் வேலை என்று நினைத்திருந்தேன். ஆண்டுத் தொடக்கத்தில் கழகப் பொறுப்பாசிரியை எங்கள் மூவரையும் அழைத்தார். கழகத் தலைவன், பொருளாளர், நான்.

“படிவம் ஒன்றிலிருந்து 24 பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கணினி அறிவியலை நீங்கள்தாம் அறிமுகப்படுத்தப் போகிறீர்கள். புதன்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம்; மொத்தம் பத்து வாரம். எதைக் கற்பிப்பது, எந்த வரிசையில் கற்பிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்” என்றார்.

சொல்லிவிட்டு இருபது வெற்று அட்டைகளை மேசைமேல் வைத்தார். தொடக்க நிலை மாணவர் அறிய வேண்டியவற்றை அட்டைக்கு ஒன்றாக எழுதச் சொன்னார். எழுதுவது எளிதாகவே இருந்தது. கணினியின் பாகங்கள், கணினி வரலாறு, இரும எண், எழுத்துகளைச் சேமித்தல், படங்களைச் சேமித்தல், படிமுறை, நிரல், மாறி, நிபந்தனை, திரும்பச் செய்தல், பட்டியல், தேடுதல், வரிசைப்படுத்துதல், பிழை திருத்தம், இயங்குதளம், வலையமைப்பு, இணையம், மறைக்குறியீடு, கடவுச்சொல், செயற்கை நுண்ணறிவு. அரை மணி நேரத்தில் இருபதும் நிரம்பிவிட்டன.

வரிசைப்படுத்தத் தொடங்கியதும் சண்டை மூண்டது.

தலைவன் ‘கணினியின் பாகங்கள்’ அட்டையை முதலில் வைத்தான். “பொருளையே தெரிந்துகொள்ளாமல் அதைப் பற்றி எப்படிப் படிப்பது?” என்று கேட்டான். பொருளாளர் அதை எடுத்துவிட்டு ‘நிரல்’ அட்டையை அங்கே வைத்தாள். “அவர்கள் ஏதாவது செய்து பார்க்கத்தான் கழகத்திற்கு வருகிறார்கள்” என்றாள். எனக்கோ ‘படிமுறை’தான் முதலில் வரவேண்டும் என்று தோன்றியது. ஒரு வேலையை எந்தெந்தப் படிகளில் செய்வது என்று தெரியாதவர் நிரல் எழுதி என்ன பயன்? ‘அல்கொரிதம்’ என்று மற்ற மொழிகளில் வழங்கும் சொல்லைத்தான் நாம் படிமுறை என்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது.

மூவரும் ஆசிரியையைப் பார்த்தோம். அவர் சிரித்தார். “உங்களுக்குள் வந்த சண்டை பேராசிரியர்களுக்குள்ளும் வந்திருக்கிறது” என்றார்.

அவர் கூறியதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஏசிஎம் என்ற கணினி அறிஞர் சங்கமும் ஐஇஇஇ கணினிச் சங்கமும் இணைந்து 2001ஆம் ஆண்டில் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பாடத்திட்ட அறிக்கையை வெளியிட்டன. முதலாண்டு மாணவர்க்கு எதை முதலில் கற்பிக்கலாம் என்பதற்கு அந்த அறிக்கை ஒன்றல்ல, ஆறு வழிகளைச் சொன்னது. கட்டளைகளை வரிசையாக எழுதும் நிரலாக்கத்தில் தொடங்கலாம். பொருள்களை அடிப்படையாகக் கொண்ட நிரலாக்கத்தில் தொடங்கலாம். கணிதச் சார்புகளைப் போன்ற நிரல்களில் தொடங்கலாம். எல்லாப் பிரிவுகளையும் மேலோட்டமாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டலாம். நிரல்மொழியின் நுணுக்கங்களில் சிக்காமல் படிமுறைகளில் தொடங்கலாம். வன்பொருளில் தொடங்கி மேலே ஏறி வரலாம். இவற்றுள் இதுவே சிறந்தது என்று அவ்வறிக்கை எதையும் முடிசூட்டவில்லை.

இரண்டு அறிஞர்களின் கருத்து வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நெதர்லாந்தில் பிறந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். நிரல் எழுதப் புதிதாகக் கற்பவர் அதை இயக்கிப் பார்க்கவே வாய்ப்பு இருக்கக்கூடாது என்றார் அவர்; ஏரணத்தைக் கொண்டே அது சரியென்று நிறுவ வேண்டுமாம். சீமோர் பேப்பர்ட் இதற்கு நேர்மாறான கருத்துடையவர். அவரும் அவருடைய தோழர்களும் 1967இல் சிறுவர்களுக்காக ‘லோகோ’ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதில் ஓர் ஆமையும் சேர்ந்தது. கட்டளை கொடுத்தால் ஆமை நகரும், திரும்பும், கோடு வரையும். தவறினால் தவறு கண்ணுக்குத் தெரியும். சிறுவர்கள் அதைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள் என்பது பேப்பர்ட்டின் நம்பிக்கை.

இவ்வளவையும் கேட்ட பிறகும் எங்கள் சண்டை தீரவில்லை. கடைசியில் தலைவனின் வரிசையே வென்றது. அது பார்ப்பதற்கு ஒரு பாடநூலின் பொருளடக்கத்தைப் போலவே இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை. பாகங்கள் 1, வரலாறு 2, இரும எண் 3 என்று தொடங்கி, மறைக்குறியீடு 17, கடவுச்சொல் 18 என்று வளர்ந்து, செயற்கை நுண்ணறிவு 20 என்று முடிந்தது. நான் அதை அழகாக எழுதிக் கையெழுத்திட்டேன்.

முதல் வாரம் தலைவன் பாகங்களைப் படம் காட்டி விளக்கினான். பாஸ்கலின் கூட்டல் பொறி, பாபேஜின் வரைபடங்கள், 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் என்று வரலாறும் வந்தது. மாணவர்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் இரும எண். ஓர் எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதும் முறையை நான் கற்பித்தேன். பத்துக் கணக்குகள் கொடுத்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் ஏழாவது கணக்கில் எழுதுகோலை வைத்துவிட்டு, “அக்கா, இதை வைத்து என்ன செய்வோம்?” என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால், அந்தப் பதில் எட்டாவது, ஒன்பதாவது அட்டைகளில் இருந்தது. “பிறகு தெரியும்” என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் வாரம் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். 24 பேரில் 13 பேர்தான் வந்திருந்தார்கள்.

அன்று பாடத்தை நடத்த எனக்கு மனம் வரவில்லை. பொருளாளர்தான் முன்னால் போய் நின்றாள். “1 முதல் 100 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள். ஏழு கேள்விகளுக்குள் கண்டுபிடித்துவிடுகிறேன்” என்றாள். பின்வரிசைப் பையன்தான் முதலில் எழுந்தான். 50ஐவிடப் பெரியதா? இல்லை. 25ஐவிடப் பெரியதா? ஆம். 37ஐவிட? இப்படியே போய் ஆறாவது கேள்வியில் எண் சிக்கிவிட்டது.

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. எப்படி என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கேள்வியும் எஞ்சிய எண்களில் பாதியை வெளியே தள்ளிவிடுகிறது. 100 எண்கள் 50 ஆகும்; பிறகு 25, 13, 7, 4, 2, 1. “அப்படியென்றால் 1000 வரை நினைத்துக்கொண்டால்?” என்று கேட்டாள் பொருளாளர். எழுபது கேள்விகள் வேண்டும் என்றார் ஒருவர், முப்பது என்றார் இன்னொருவர். பத்தே போதும். நீங்களும் பாதி பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

அடுத்து அவள் மாணவர்களின் பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதிக் கலைத்துப் போட்டு, ஒரு பெயரை அதேபோல் பாதி பாதியாகத் தேடச் சொன்னாள். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று பேசி முடிப்பதற்குள், ‘முதலில் பெயர்களை அகர வரிசையில் அடுக்க வேண்டும்’ என்று ஒரு மாணவி சொல்லிவிட்டாள். எங்கள் திட்டத்தில் ‘தேடுதல்’ பன்னிரண்டாவது அட்டை. ‘வரிசைப்படுத்துதல்’ பதின்மூன்றாவது. கணினியைத் தொடாமலேயே ஒரு மணி நேரத்தில் இரண்டையும் அவர்கள் தொட்டுவிட்டார்கள்.

அன்று மாலை ஆசிரியை ஒரு சிவப்பு நூல்கண்டைக் கொண்டு வந்தார். அட்டைகளை மேசையில் பரப்பச் சொன்னார். “ஓர் அட்டை தெரியாமல் இன்னோர் அட்டை புரியவே புரியாது என்றால் மட்டும் இரண்டுக்கும் இடையே நூல் கட்டுங்கள். பழக்கத்திற்காகக் கட்டாதீர்கள்” என்றார்.

தலைவன் ‘பாக’ங்களிலிருந்து ‘நிரலுக்கு’ நூலை இழுத்தான். “நீ முதல் நிரலை எப்போது எழுதினாய்?” என்று ஆசிரியை கேட்டார். ஆண்டு ஐந்தில், ஸ்கிராட்ச் மென்பொருளில், ஒரு பூனையை நடக்க வைத்தானாம். “அப்போது நினைவகம், செயலி எல்லாம் தெரியுமா?” அவன் பேசாமல் நூலைச் சுருட்டிக்கொண்டான்.

ஒரு மணி நேரம் கழிந்தபோது மேசை சிலந்தி வலையைப் போலிருந்தது. ஆனால், அந்த வலையில் ஒரு செய்தி தெரிந்தது. நாங்கள் முதலில் வைத்திருந்த வரலாற்று அட்டையிலிருந்து ஒரு நூல்கூடப் புறப்படவில்லை. இரும எண்ணிலிருந்து எழுத்துகளுக்கும் படங்களுக்கும் மட்டுமே நூல் போனது. நடுவில் கிடந்த ‘நிபந்தனை’, ‘திரும்பச் செய்தல்’, ‘மாறி’ ஆகிய மூன்றிலிருந்துதான் நாலாபுறமும் நூல்கள் சென்றன. எண்ணைத் தேடும் விளையாட்டை நிரலாக எழுத வேண்டுமென்றால் அந்த மூன்றும் வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் சிக்கல். நிரல் எழுதாமல் பிழை திருத்தம் என்ற பேச்சே இல்லை. பிழை திருத்தத் தெரியாமல் நிரலை எழுதி முடிக்கவும் முடியாது. நூல் போய்த் திரும்பி வந்து வட்டமாகிவிட்டது. எதை முதலில் வைப்பது? பொருளாளர் கத்தரிக்கோலை எடுத்து இரண்டு அட்டைகளையும் பாதியாக வெட்டினாள். மூன்று வரி நிரல், அதில் ஒரு சிறு பிழை. பிறகு பெரிய நிரல், பெரிய பிழை. ஓர் அட்டையில் நாங்கள் அளவுக்கு மீறித் திணித்திருந்தோம் என்பது வெட்டிய பிறகுதான் புரிந்தது.

ஏழு வாரங்களே மிச்சம் இருந்தன. அட்டைகளோ வெட்டியதால் 22 ஆகிவிட்டன.

நான்காம் வாரம் ரொட்டித் துண்டுகளும் காயாவும் கொண்டு சென்றோம். தலைவன் இயந்திர மனிதனாக நின்றான். ரொட்டியில் காயா தடவ அவனுக்கு மாணவர்கள் கட்டளை எழுதித் தர வேண்டும். “காயாவை ரொட்டியில் வை” என்று எழுதியிருந்தது முதல் தாள். அவன் காயாப் புட்டியையே தூக்கி ரொட்டியின்மேல் வைத்தான். சிரிப்பு அடங்கச் சில நிமிடம் ஆயிற்று. “மூடியைத் திற” என்று எழுத மறந்தவர்கள், கத்தியின் எந்த முனையைப் பிடிப்பது என்று எழுத மறந்தவர்கள் என்று நான்கு முறை திருத்திய பிறகுதான் ஒரு துண்டு ரொட்டி ஒழுங்காக வந்தது. படிமுறை, பிழை திருத்தம் ஆகிய சொற்களை அதன் பிறகே கரும்பலகையில் எழுதினேன். அன்று வந்தவர்கள் 17 பேர்.

ஐந்தாம் வாரம் கணினிக்கூடம். அங்கே ஒழுங்காக இயங்கியவை ஐந்து கணினிகள்தாம். கணினிக்கு மூவர் அல்லது நால்வர். ஸ்கிராட்ச், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது. கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக அடுக்கினால் நிரல் தயார். பூனை நகர்ந்து கோடு வரைய வேண்டும். சதுரம் எளிதாக வந்தது. ‘100 அடி நகர், 90 பாகை திரும்பு’ என்ற இரண்டு கட்டளைகள் நான்கு முறை.

முக்கோணத்தில்தான் எல்லாரும் விழுந்தார்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று கணிதத்தில் படித்திருந்தார்கள். ஆகவே, 60 பாகை திரும்பினார்கள். திரையில் வந்தது அறுகோணத்தின் பாதி. கணினி கெட்டுவிட்டது என்றார் ஒருவர். பொருளாளர் அந்தக் குழுவை நடைபாதைக்கு அழைத்துப் போய்ச் சுண்ணக்கட்டியால் ஒரு பெரிய முக்கோணம் வரைந்து, அதன்மேல் ஒருவரை நடக்கச் சொன்னாள். மூலைக்கு வந்ததும் அவர் உடலை எவ்வளவு திருப்புகிறார் என்று மற்றவர்கள் பார்த்தார்கள். உள்கோணம் 60தான்; ஆனால் நடப்பவர் திரும்புவது 120. பேப்பர்ட் தம் ஆமையை வைத்துச் சிறுவர்களிடம் எதிர்பார்த்ததும் இதைத்தான். ஆமையாகவே தன்னை நினைத்து நடந்து பார்ப்பது.

பிறகு 36 பக்கங்கள் கொண்ட உருவத்தை வரையச் சொன்னோம். 72 கட்டைகளை அடுக்க வேண்டுமா என்று முனகல் எழுந்தது. சிலர் அடுக்கவும் தொடங்கினார்கள். அந்த முனகலுக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம். ‘திரும்பச் செய்’ என்ற கட்டையை அப்போதுதான் காட்டினோம். முதலிலேயே காட்டியிருந்தால், இரும எண்ணைப் போல அதுவும் இன்னொரு பாடமாக மட்டும் ஆகியிருக்கும்.

ஆறாம் வாரம் ‘மாறி’யைக் கற்பிப்பதாக இருந்தது. கற்பிக்கவில்லை.

ரொட்டி நாளன்று எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்த மாணவி அன்று கண்கள் வீங்கி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தோழியின் பெயரில் புலனத்தில் ஒரு செய்தி வந்ததாம். “தவறுதலாக உன் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்திருக்கும், கொஞ்சம் அனுப்பிவிடு” என்று இருந்ததாம். அனுப்பிவிட்டாள். சில நிமிடங்களில் அவளுடைய கணக்கு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அந்த ஆள் அவள் பெயரிலேயே உறவினர்களிடம் பணம் கேட்டிருக்கிறான். அவளுடைய அத்தை 300 ரிங்கிட் அனுப்பிவிட்டார். ‘என்னால்தானே’ என்று அவள் வீட்டில் யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை.

ஆசிரியை அவளுடைய தந்தையை உடனே தொலைபேசியில் அழைத்தார். வங்கிக்கும், மோசடிக்கு உள்ளானவர்கள் அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணுக்கும் தகவல் கொடுக்கச் சொன்னார். நான் என் குறிப்பேட்டைத் திறந்தேன். கடவுச்சொல், பதினெட்டாவது அட்டை. என் கையெழுத்து. அந்த அட்டைக்கு நூல் கட்டியபோது, வலையமைப்பு தெரியாமல், மறைக்குறியீடு தெரியாமல் அது புரியாது என்று மூவரும் ஒத்துக்கொண்டிருந்தோம். அந்த நூல்களில் தவறில்லை. ஆனால், மாணவர்கள் எல்லாருடைய கையிலும் திறன்பேசி இருப்பதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஏமாற்றுக்காரன் பதினெட்டாம் பாடம் வரை பொறுத்திருப்பானா?

அன்று ஒரு மணி நேரமும் அதைப் பற்றியே பேசினோம். தன் கைப்பேசிக்கு வந்த குறியீட்டை நண்பருக்கும் தரக்கூடாது. பணம் கேட்டுச் செய்தி வந்தால் குரலைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். இரண்டு படிச் சரிபார்ப்பை எப்படி இயக்குவது. மறைக்குறியீடு பற்றி ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. கடவுச்சொல் அட்டையையும் கத்தரித்தோம். ‘என்ன செய்ய வேண்டும்’ என்ற பாதி முதல் வாரத்திற்கு உரியது. ‘ஏன்’ என்ற பாதி பின்னால் வரலாம். முதல் வாரம் ஏற்கெனவே கடந்துபோயிருந்தது என்பதுதான் வருத்தம்.

ஒரே பொருளை முதலில் எளிதாகவும் பின்னர் ஆழமாகவும் மீண்டும் மீண்டும் சந்திக்கும்படி அமைப்பதைச் சுருள் பாடத்திட்டம் என்பார்கள். ஜெரோம் புரூணர் என்ற உளவியலாளர் 1960இல் எழுதிய நூலில் இதை விளக்கினார். நம் நாட்டில் 2017இல் படிவம் ஒன்றில் அறிமுகமான கணினி அறிவியல் அடிப்படைப் பாடத்திலும் இதைக் காணலாம். படிவம் ஒன்றில் இரண்டை அடியாகக் கொண்ட எண்கள், படிவம் இரண்டில் எட்டை அடியாகக் கொண்டவை, படிவம் மூன்றில் பதினாறை அடியாகக் கொண்டவை. இதுவரை அதைத் தனித்தனிப் பாடங்களாகவே நான் படித்து வந்திருக்கிறேன்.

ஏழாம் வாரம் மாறி வந்தது. மலாய்ப் பாடநூலில் இதைப் ‘பெம்போலே ஊபா’ என்பார்கள். மாறக்கூடியது என்று பொருள். தமிழில் இரண்டே எழுத்து. மூன்றாம் வாரம் விளையாடிய அதே எண் விளையாட்டை இப்போது மாணவர்கள் ஸ்கிராட்சில் எழுதினார்கள். கணினி நினைத்த எண் ஒரு மாறியில். ‘பெரியதா, சிறியதா’ என்பது நிபந்தனை. கண்டுபிடிக்கும் வரை கேட்பது திரும்பச் செய்தல். பின்வரிசைப் பையனின் கணினி தன் எண்ணையே திரையில் காட்டிக்கொண்டு ‘என்ன எண்?’ என்று கேட்டது. அவனுக்குப் பிழையைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. யாரையும் உதவிக்கு வரவிடவில்லை.

எட்டாம் வாரம் மறுபடியும் இரும எண். இம்முறை வகுத்தல் இல்லை. நியூசிலாந்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய தோழர்களும் கணினி இல்லாமலே கணினி அறிவியலைக் கற்பிக்கப் பல விளையாட்டுகளை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஐந்து மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய அட்டைகளில் முறையே 16, 8, 4, 2, 1 புள்ளிகள். “19 காட்டுங்கள்” என்றேன். 16, 2, 1 அட்டைகள் முன்பக்கம் திரும்பின. மற்ற இரண்டும் கவிழ்ந்தன. திரும்பியதற்கு 1, கவிழ்ந்ததற்கு 0. எழுதினால் 10011. ஐந்து அட்டைகளும் திரும்பினால் 31. “32 வேண்டுமென்றால்?” என்று நான் கேட்பதற்கு முன்பே ஆறாவது ஆள் எழுந்து வந்து இடப்பக்கம் நின்றுகொண்டான். பின்வரிசைப் பையன்தான்.

எழுத்துகளுக்கும் கணினியில் எண்கள்தாம் என்றபோது நம்ப மறுத்தார்கள். ஒருங்குறியில் ‘அ’வுக்கு உரிய எண் 2949, ‘க’வுக்கு 2965 என்று காட்டினோம். தங்கள் பெயர்களை எண்களாக எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒன்பதாம் வாரம் கடவுச்சொல்லின் மறுபாதி. நான்கு இலக்க எண்ணாக இருந்தால் 10,000 வாய்ப்புகள். நொடிக்குப் பத்து இலட்சம் முயற்சி செய்யும் கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலை. எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகள் என்றால் 208,827,064,576 வாய்ப்புகள். அதே கணினிக்கு இரண்டரை நாள்கூட ஆகாது. பன்னிரண்டு எழுத்துகள் என்றால் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நான்கே எழுத்துகள் கூடியதற்கு இவ்வளவா என்று வாய்பிளந்தார்கள். கணக்கை ஏமாந்த மாணவிதான் கரும்பலகையில் போட்டாள். போட்டுவிட்டு, “ஆனால் அக்கா, என்னிடம் யாரும் யூகிக்கவில்லையே. கேட்டார்கள், கொடுத்தேன்” என்றாள். அந்தக் கேள்வியைக் கணக்கால் தீர்க்க முடியாது.

கடைசி வாரம் தலைவனுக்கு உரியது. பழுதான ஒரு பழைய கணினியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். முதல் வாரம் காட்டிய அதே பாகங்கள். அப்போது எந்தக் கேள்வியும் வரவில்லை. இப்போது, “அண்ணா, எங்கள் மாறி இதில் எங்கே இருக்கும்?” என்று கேட்டார்கள். அவன் நினைவகச் சில்லைத் தொட்டுக் காட்டினான். மின்சாரம் போனால் அது என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி. ஒரு மணி நேரம் போதவில்லை. அன்று 21 பேர் வந்திருந்தார்கள். இயங்குதளம், வரலாறு, செயற்கை நுண்ணறிவு ஆகிய அட்டைகள் உறையிலேயே தங்கிவிட்டன. வரலாற்றை விட்டதில் தலைவனுக்கு இன்னமும் குறைதான்.

இந்த ஆண்டு அந்த மாணவர்கள் படிவம் இரண்டில் இருக்கிறார்கள். புதிய படிவம் ஒன்று மாணவர்களுக்குத் திட்டமிடும் பொறுப்பை ஆசிரியை அவர்களிடம் கொடுத்துவிட்டார். சென்ற வாரம் கழக அறைக்குப் போனேன். மேசை முழுவதும் அட்டைகள். பின்வரிசைப் பையன் செயற்கை நுண்ணறிவை முதலில் வைத்திருந்தான். “அவர்கள் அதைத்தான் தினமும் பயன்படுத்துகிறார்கள்” என்று வாதாடிக்கொண்டிருந்தான். கடவுச்சொல் அட்டையை ஒரு மாணவி கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, மேசையில் வைக்கவே மறுத்தாள். யார் என்று சொல்லத் தேவையில்லை.

“அக்கா, அந்த நூல் எங்கே?” என்று கேட்டார்கள். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.